நாலு விரற்கடை

கேள்வி ஒரு துண்டுச்சீட்டில் வந்தது.
"மழை விட்டு ஆறு நாள்.
மைதானத்துத் தண்ணீர் ஏன் இன்னும் போகவில்லை?"
கோடிட்ட இடம் இல்லை, அ ஆ இ ஈ இல்லை,
எத்தனை மதிப்பெண் என்றுகூட இல்லை.
சீட்டைக் கொடுத்த புவியியல் மிஸ்
பத்தாம் வகுப்புத் தாள் திருத்தப் போய்விட்டார்.

தலைஞாயிறு பக்கம், கடைமடை.
காவிரி இங்கே தன் பெயரில் வருவதில்லை,
அரிச்சந்திரா என்று வருவாள், வந்தால்.
ஐப்பசியில் மட்டும்
வந்த தண்ணீருக்குப் போக மனம் இருக்காது.

ஐந்து பேர் நாங்கள்.
குறிப்பெடுப்பது நான்.
கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றால்
நீ பேச வேண்டாம் என்று பொருள்.

முதல் பக்கம் முழுக்கத் தப்பு.
ஆகாயத்தாமரை அடைத்திருக்கும் என்றாள் பரக்கத் நிஷா.
களிமண், குடிக்காது என்றாள் தையல்நாயகி.
கடல் திருப்பி அனுப்புகிறது
என்பது என்னுடையது, யாரிடமும் சொல்லாமல் பென்சிலில்.
ஓரத்தில் சுதர்சன் வரைந்த தவளை
சீருடை போட்டுக் கையைத் தூக்கி நிற்கிறது,
விடை தெரிந்த மாதிரி.

இரண்டாம் நாள் சண்டை.
வாய்க்காலில் யார் இறங்குவது என்று தொடங்கி
போன வருடத்து சைக்கிள் பஞ்சர் வரை போனது.
அன்றைய குறிப்பு ஒரே வரி:
"கருத்து வேறுபாடு. தேன்மிட்டாய்க்குப் பிறகு சரியானது."

மூன்றாம் நாள்
பரக்கத் தன் இடதுகால் செருப்பைத் தண்ணீரில் விட்டாள்.
எதுக்குடீ என்றோம்.
தெரியலை, எங்க போகுதுன்னு பார்ப்போம்.

காற்று தள்ளியதோ தண்ணீர் தள்ளியதோ,
கொடிக்கம்பம் தாண்டி
வேலி ஓட்டையில் நுழைந்து
வடிகாலோடு போய்
புது சிமெண்ட் ரோட்டின் அடியில் போட்ட
குழாய் வாயில் முட்டியது.
உள்ளே போகவில்லை.
கடன் கேட்க வந்தவர் மாதிரி
வாசலிலேயே தயங்கித் தயங்கி ஆடியது.

குழாய் உயரமா, மைதானம் பள்ளமா?
லூர்து வீட்டிலிருந்து மட்டம் பார்க்கும் டியூப் கொண்டுவந்தான்.
உள்ளே ஒரு குமிழி மாட்டிக்கொண்டு
அரைமணி நேரம் எங்களைப் பார்த்துச் சிரித்தது.
வாலிபால் கோட்டுக்கு நடுவே
கணுக்கால் நனைய நின்ற தையல்நாயகி சொன்னாள்:
"லூசுங்களா, டியூப் எதுக்கு?
நிக்குதே, இதுதான் மட்டம்."

எல்லோரும் குனிந்து தண்ணீரைப் பார்த்தோம்.
ஆறு நாளாகத் திட்டிக்கொண்டிருந்த தண்ணீர்
அங்கிருந்து இங்குவரை ஒரு நூல் பிசகாமல்
அளவெடுத்து வைத்திருந்தது.
குழாயின் கீழ் உதட்டை அது தொட்டும் தொடாமலும் நிற்க
கோட்டுக்கு நடுவில் விரலை விட்டுப் பார்த்தோம்.
நாலு விரற்கடை.
குழாய் அவ்வளவு உயரம்.

கத்தினோம். சுதர்சன் விழுந்தே விட்டான்.
லூர்து மட்டும் டியூபைச் சுருட்டிக்கொண்டிருந்தான்,
சுருட்டியதைப் பிரித்து மறுபடியும்.

"அந்தக் குழாய் எங்கப்பா போட்டது."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வயல் பக்கம் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
பேனா என் கையில்.
எழுதவா என்று கேட்டேன்,
அந்த மூன்று நாளில் நான் பேசிய முதல் சொல்.

கொஞ்ச நேரம் கழித்து, எழுது என்றான்.
"ஆனா முழுசா எழுது.
சுவத்துல ஆணி அடிச்சிருந்தாங்க.
ஆணிக்கு நேரா போடச் சொன்னாங்க.
அப்பா ஆணிக்கு நேராத்தான் போட்டாரு."

தீர்வு என்று தலைப்பிட்டு ஏழு எழுதினோம்.
நாலை அடித்தோம்.
மீந்ததில் ஒன்று தவளையுடையது:
தண்ணீர் இருக்கட்டும், வாலிபாலைக் காலி செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை மிஸ் கேட்டபோது
நோட்டோடு ஒரு துண்டுச்சீட்டும் கொடுத்தோம்.
"ஆணி அடித்தது யார்?"
படித்தார். திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் விடை இருக்கும் என்பதுபோல.

வெளியே மறுபடி தூறல்.
பரக்கத் ஒரு கால் செருப்போடு
தத்தித் தத்தி
குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.